மதுரைக்கு அனுப்புவதா, ராமநாதபுரத்திலேயே கட்டுவதா, ஊரில் வைத்துத் திருத்துவதா?

ராமேஸ்வரம் தீவிலோ, தொண்டிப் பக்கமோ, சாயல்குடிக் கரையிலோ பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஒருவன் வழக்கில் சிக்குகிறான். இந்த வயதுப் பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனை வீட்டுக்கு விடாவிட்டால், விசாரணை நடக்கும்வரை அவனைக் கொண்டுபோய் வைக்கும் கூர்நோக்கு இல்லம் மதுரையில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். "நம்ம மாவட்டத்துலயே ஒண்ணு கட்டச் சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "கட்டடமெல்லாம் எதுக்கு, ஊர்க்கூட்டத்துல வச்சுக் கேட்டா சரியாப் போகும்" என்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு வழி சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: பையனை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வைத்தபடியே, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் திருத்துவது. அதைப் பற்றிக் கூட்டங்களில் பேச்சே எழுவதில்லை.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக இந்தக் குடும்பங்களோடு ஸ்டேஷனுக்கும் குழுமத்துக்கும் போய்வருகிறவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய இல்லம் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு ஆகும் பணமும் ஆளும் வீட்டில் வைத்துத் திருத்தும் வழிக்குப் போகட்டும். அதற்குத் துணையாக ராமநாதபுரத்தில் சில பிள்ளைகள் சில நாட்கள் மட்டும் தங்குகிற சின்ன இடம் ஒன்று போதும். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போகிறவர்களும், நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர நினைப்பவர்களும் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும். பேப்பரில் பெரிதாக வருவது கொலையும் வன்கொடுமையும். என்னிடம் வருகிற குடும்பங்களின் கதை பெரும்பாலும் வேறு. அக்னி தீர்த்தக் கரையில் குளிக்க இறங்கிய யாத்ரீகரின் செல்போன். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்திலிருந்து டீசல் கேன், மோட்டார் சாமான். வலையிலிருந்து அறுத்த ஈயக்குண்டு. அதை யாருடையது என்று கேட்காமல் எடைபோட்டு வாங்கும் பழைய இரும்புக் கடை. ரெண்டு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போன பைக். திருவிழாக் கூட்டத்தில் இடுப்பிலிருந்து எடுத்த கத்தி. பதினாறு வயதுப் பெண்ணும் பதினேழு வயதுப் பையனும் சேர்ந்து பஸ் ஏறிப் போனதில் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் ஒரு வழக்கு.

இவற்றோடு எங்கள் கரைக்கே உரிய ஒன்றும் உண்டு. இலங்கைக்குப் போகும் பீடி இலை மூட்டையையோ, கஞ்சா பார்சலையோ, பதப்படுத்திய கடல் அட்டையையோ ராத்திரியில் வள்ளத்துக்குத் தூக்கிக் கொடுக்க, போலீஸ் வண்டி வருகிறதா என்று ரோட்டில் நின்று பார்க்கப் பையன்களைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். பிடிபடுவது பையன். படகுக்குச் சொந்தக்காரன் பெயர் சில சமயம் வழக்கிலேயே வருவதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தப் பெரியவர்களை விடச் சொல்லவில்லை. போதைப்பொருளைக் கடத்தவோ விற்கவோ பிள்ளையைப் பயன்படுத்தினால் 78-ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். வேறு எந்தச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தினாலும் 83-ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். இந்தப் பிரிவுகள் வழக்கில் சேர்கின்றனவா என்று கேட்காமல், பையன்களை எங்கே வைப்பது என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் இன்னொரு பையன் அதே கரையில் நிற்பான்.

சட்டம் இன்னும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. குழுமம் அமராத நாளில் உறுப்பினர் ஒருவரிடம் நிறுத்தலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற கணக்கே பிள்ளைகளுக்குக் கிடையாது, விடுவதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதி கெட்டுப்போகும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே 12-ஆவது பிரிவு மறுக்க இடம் தருகிறது. விசாரணையை நாலு மாதத்தில் முடிக்க வேண்டும், மேலே ரெண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கே கைவிடப்படும். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் 3-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

மதுரை

மதுரைக்கு அனுப்புவதில் நன்மை இல்லாமல் இல்லை. பையனை வேலைக்கு அமர்த்திய ஆள் ஊரில் காத்துக்கொண்டிருக்கும்போது தூரமே ஒரு பாதுகாப்பு. ரெண்டு குப்பத்துக்கு நடுவே வெட்டுக்குத்து நடந்து பழிக்குப் பழி என்று பேச்சு ஓடுகிற நேரத்தில், எதிர்த் தரப்பின் கண்ணில் படாத ஊரில் இருப்பது உயிரைக் காக்கும். பல மாவட்டப் பிள்ளைகள் வரும் இடமாக இருப்பதால் ஏற்கெனவே நடந்துவருகிற ஏற்பாடு அது. புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தூரத்துக்குக் குடும்பம் கொடுக்கும் விலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தங்கச்சிமடத்தில் மீன் கம்பெனியில் எறால் உரிக்கப் போகும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். படகு கரை வருகிற நாளில்தான் அவருக்கு வேலை. அந்த நாளில் போகவில்லை என்றால் கூலி இல்லை. படகு வராத நாளும் பிள்ளையைப் பார்க்க விடுகிற நாளும் ஒன்றாக அமைந்தால்தான் அவர் மதுரைக்குக் கிளம்ப முடியும். விடிவதற்கு முன் பஸ் ஏறி, ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு டீயைக் குடித்துவிட்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி வழி கேட்டுப் போய், மகனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து ரயிலும் இல்லை. தகப்பன் போகலாமே என்றால், கடலுக்குப் போகிற முறை தவறினால் அவருக்கும் பங்கு போய்விடும். முதல் தடவை ரெண்டு பேரும் போவார்கள். அப்புறம் தாய் மட்டும். அதன் பிறகு ரெண்டு தடவைக்கு ஒரு தடவை.

பையன் பக்கம் நடப்பது இன்னும் மோசம். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறவனுக்குச் சில வாரம் வருகை விட்டுப்போனாலே ஹெட்மாஸ்டர் முகம் மாறிவிடும். ஊரில் அவன் பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி ஒட்டிக்கொள்ளும். விசாரணை ராமநாதபுரத்தில் நடக்கும். அவன் மதுரையிலிருந்து காவலோடு வந்து போக வேண்டும். வழித்துணைக்குக் காவலர் கிடைக்காத நாளில் வாய்தா தள்ளிப்போகும். ஈயக்குண்டு அறுத்த பையன் அங்கே பெரிய வழக்குகளில் வந்தவர்களோடு பழகித் திரும்பும்போது, போனபோது தெரியாத நாலு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வருகிறான். மதுரை இல்லத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பல ஊர்ப் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் சேர்க்கும் எந்த இடத்திலும் இப்படித்தான் ஆகும்.

இல்லம் என்ற அமைப்பைப் பற்றியே தமிழ்நாடு ஒரு பாடத்தை மிகக் கொடுமையாகக் கற்றது. பேட்டரி திருடியதாகப் பிடிபட்டு செங்கல்பட்டு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். ஊழியர்கள் அடித்ததில் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்து, இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று அரசு கேட்டது. 2023-லேயே அவர் அறிக்கை கொடுத்தார். பேட்டரித் திருட்டுக்கு ஒரு பிள்ளையை உள்ளே வைத்திருக்கவே வேண்டுமா என்ற கேள்வியை நாம் ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

நம் மாவட்டத்தில் ஒரு புது இல்லம்

மேலே சொன்ன பஸ் பயணத்தைக் கேட்டவுடன் எவருக்கும் தோன்றுவது, 'அப்படியானால் இங்கேயே கட்டிவிடலாமே' என்பதுதான். நியாயமான எண்ணம். சட்டத்தின் 47-ஆவது பிரிவும் மாவட்டத்துக்கு ஒன்றோ, சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்றோ அமைக்க மாநில அரசைச் சொல்கிறது. ராமநாதபுரத்தில் இருந்தால் தாய் கம்பெனிக்குப் போய்விட்டு மத்தியானம் பஸ் ஏறி மகனைப் பார்த்து வரலாம். வக்கீல் பக்கத்தில் இருப்பார். குழும உறுப்பினர்கள் மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற சட்டக் கடமையும் எளிதாக நிறைவேறும்.

சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. அதே பிரிவு, பிள்ளைகளை வயது, பால், உடல் மனநிலை, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்து வைக்கச் சொல்கிறது. செல்போன் எடுத்த பதின்மூன்று வயதுப் பையனையும் கத்திக்குத்தில் வந்த பதினேழு வயதுக்காரனையும் ஒரே அறையில் போட முடியாது. பெண் பிள்ளைகளுக்கு முற்றிலும் தனி இல்லம் வேண்டும். பதினாறு நிரம்பிக் கொடுங்குற்ற வழக்கில் வந்தவர்களுக்கு 'பாதுகாப்பிடம்' என்று வேறே இருக்கிறது. அது மாநிலத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டியது, மாவட்டந்தோறும் கட்டுவதல்ல. ஆக, ராமநாதபுரத்தில் கட்டினாலும் ஒரு பகுதிப் பிள்ளைகள் வெளியூர் போகத்தான் போகிறார்கள். மிச்சம் இருக்கும் சிலரை வயதுவாரியாகப் பிரித்தால் ஓர் அறைக்கு ஒருவர், இருவர் என்று ஆகும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஓர் அறையில் தனியாக வைப்பது எந்தப் பெயரால் அழைத்தாலும் தண்டனைதான். பிரிக்காமல் சேர்த்து வைத்தால் மதுரையில் பயந்தது இங்கேயே நடக்கும்.

ஆள் பிரச்சினை அதைவிடப் பெரிது. கண்காணிப்பாளர், ராத்திரிக் காவல், சமையல், ஆசிரியர், மனநல ஆலோசகர், மருத்துவர் என்று இருபத்துநாலு மணி நேரமும் இயங்க வேண்டிய இடம் அது. கட்டடத்துக்குப் பணம் ஒரு தடவை வந்துவிடும். சம்பளத்துக்கு வருஷா வருஷம் வர வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாற்றல் வாங்கிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் வாட்ச்மேனே எல்லாமாக நிற்கும் விடுதிகளை நம் மாவட்டத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கூர்நோக்கு இல்லம் அப்படி ஆனால் நேர்வது செங்கல்பட்டில் நேர்ந்தது.

எனக்குள்ள பெரிய பயம் வேறு. கட்டில் கிடந்தால் அதை நிரப்பத் தோன்றும். இன்று ஒரு பையனை மதுரைக்கு அனுப்பச் சொல்வதற்கு முன் குழுமம் ஒரு நிமிஷம் யோசிக்கிறது, அலுவலரும் யோசிக்கிறார்: அவ்வளவு தூரம் வேண்டுமா? இல்லம் நாலு தெரு தள்ளி இருந்தால் அந்த யோசனை குறைந்துவிடும். 'கொஞ்ச நாள் இருக்கட்டும், புத்தி வரட்டும்' என்று ஊர்ப் பெரியவர்களே வந்து கேட்பார்கள். தகப்பனே கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

ஊர்க்கூட்டம்

கடற்கரைக் கிராமங்களில் போலீஸுக்கு முன்னால் விஷயம் போவது ஊர்த்தலைவரிடம். சில ஊரில் ஜமாஅத், சில ஊரில் பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும். வலை திருட்டு, படகுத் தகராறு எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் தீர்ந்திருக்கிறது. இந்த வழியை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பொருளைப் பறிகொடுத்தவனும் எடுத்தவனும் நேருக்கு நேர் உட்காருகிறார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார்கள். பையனுக்கு ஸ்டேஷன் வாசலே தெரியாமல் விஷயம் முடிகிறது. குடும்பங்கள் இதை விரும்புவதற்கு இன்னொரு காரணம்: கேஸ் ஆனால் பாஸ்போர்ட் எடுக்க முடியாது, மகன் வெளிநாட்டுக்குப் போக முடியாது என்ற பயம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, குழுமம் விசாரித்துத் தீர்த்த வழக்கால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்றும், காலக்கெடுவுக்குப் பின் பதிவுகளை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்டுப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. இதை ஊர்க்கூட்டத்தில் சொன்னாலே பாதி பயம் போகும்.

ஆனால் ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொல்லும் இடமாக மாறும்போது என்ன ஆகிறது என்பதும் தெரியும். மரத்தில் கட்டிவைப்பது, அடிப்பது, மொட்டை அடிப்பது எல்லாம் குற்றம். செய்தவர்கள்மீது வழக்கு வரும். அபராதம் விதித்தால் அதைக் கட்டுவது பையன் அல்ல, வட்டிக்கு வாங்குகிற தாய். ஊர்க் கட்டுப்பாடு என்று தண்ணீர், கடை, கடலுக்குப் போகும் முறை எல்லாவற்றையும் நிறுத்தினால் தண்டனை தங்கைக்கும் சேர்ந்து விழுகிறது. செல்வாக்குள்ள வீட்டுப் பையனுக்கு ஒரு பேச்சு, வந்தேறிக் குடும்பத்துப் பையனுக்கு வேறு பேச்சு. சாதி விட்டுச் சாதி நடந்த விஷயத்தில் ஊர்க்கூட்டம் நடுநிலையாக இருந்ததை நான் பார்த்ததில்லை. பெண் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை 'பேசி முடிப்பதற்கு' யாருக்கும் அதிகாரமே கிடையாது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிந்தவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஒருவரையொருவர் விரும்பிப் பழகிய பதின்வயதுப் பையன், பெண்களின் விஷயம் தனி. அவற்றில் கைதுக்கு அவசரப்பட வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைமை சுற்றறிக்கை அனுப்பியது. அதுவும் காவல்துறை எடுக்க வேண்டிய முடிவு, ஊர் எடுப்பதல்ல.

ஊர்க் கமிட்டியை நான் கேட்பது தீர்ப்பு அல்ல, பொறுப்பு. பொருளைத் திருப்பிக் கொடுக்க வைப்பது, குழுமத்தின் முன் வந்து "இந்தப் பையனை நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்வது. ஒரு பங்குத்தந்தையோ ஜமாஅத் செயலாளரோ வந்து நின்று அப்படிச் சொன்னால் அதற்குக் கனம் உண்டு. சட்டமே 'தகுதியுடைய நபர்' என்று ஒருவரை ஏற்றுப் பிள்ளையைத் தற்காலிகமாக அவர் பொறுப்பில் விடக் குழுமத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

வீட்டில் வைத்தபடியே

இந்த வழியில் என்னென்ன அடங்கும் என்று 18-ஆவது பிரிவைப் பார்த்தால் தெரியும்: அறிவுரை சொல்லி வீட்டுக்கு விடுவது, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடம் ஒப்படைப்பது. குற்றம் செய்தான் என்று முடிவான பிறகு வைக்கும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது, அதிகபட்சம் மூன்று வருஷம், பட்டியலின் கடைசியில் வருகிறது. அதற்கும் முன்னால், மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லாதபோது எஃப்ஐஆரே போடாமல், ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாம் இருந்தும் ஏன் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள்? விடை பெரும்பாலும் ஒரு தாளில் இருக்கிறது. பிடிபட்ட ரெண்டு வாரத்துக்குள் நன்னடத்தை அலுவலர் சமூகப் புலனாய்வு அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டில் யார் யார், என்ன வேலை, பிள்ளையைக் கவனிக்க ஆள் உண்டா என்று கேட்கும் படிவம் அது. விசைப்படகில் போகிற தகப்பன் காலையில் கடலில் இறங்கினால் மறுநாள் காலையில்தான் கரை ஏறுவார். தாய் கம்பெனியில். அலுவலர் பகலில் வந்து பார்க்கும்போது வீட்டில் இருப்பது வயதான ஆத்தா. 'பெற்றோர் கண்காணிப்பு இல்லை' என்று ஒரு வரி விழுந்துவிடுகிறது. அந்த வரியைப் படிக்கும் குழுமம், வெளியே விட்டால் ஆபத்து என்று நினைப்பதில் வியப்பில்லை. "அவுக அப்பா கடலுக்குப் போனா நான் இருக்கேன். நான் கம்பெனிக்குப் போனா எங்க ஆத்தா இருக்கு. ஆள் இல்லைன்னு எப்பிடித் தம்பி எழுதலாம்?" என்று ஒரு தாய் என்னைப் பிடித்துக் கேட்டார். கேள்வி சரி. கடற்கரைக் குடும்பத்தில் பிள்ளையைக் கவனிப்பது மூன்று நாலு பேரின் முறைவேலை. அது தெரிந்த அலுவலர் மாமனையும் சித்தியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டு எழுதுவார். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீண்டு கிடக்கும் கரையை ஓரிரு அலுவலர்கள் பஸ்ஸில் சுற்றி இந்த வேலையைச் செய்ய முடியாது. புது இல்லத்துக்கு ஒதுக்கும் சம்பளப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து ராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை, கடலாடி வட்டங்களுக்குத் தனித்தனிக் களப்பணியாளர் போட்டால், பல பிள்ளைகள் உள்ளே போகவே மாட்டார்கள்.

சமூக சேவை உத்தரவில் உள்ளாட்சிக்கு நேரடி வேலை இருக்கிறது. பதினாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மட்டுமே அதைக் கொடுக்கலாம்: பூங்காப் பராமரிப்பு, முதியோருக்கு உதவி, ஆஸ்பத்திரியில் ஒத்தாசை போன்றவை. எங்கே, யாரிடம், எத்தனை மணி நேரம் என்று ஆயத்தப் பட்டியல் இல்லாததால் குழுமம் அதை எழுதத் தயங்கும். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளும் மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகளும் தலைக்கு நாலைந்து இடங்களைச் சொல்லி, ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பாளராக ஒருவரை நியமித்துக் கொடுக்கலாம். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, அரசு மருத்துவமனையில் முதியவர்களுக்குச் சீட்டு வாங்கிக் கொடுப்பது மாதிரியான வேலைகள். ஊரே பார்க்கத் தெருக்கூட்ட வைப்பது கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை 74-ஆவது பிரிவு தடை செய்கிறது, அவமானப்படுத்தி எவனும் திருந்தியதும் இல்லை.

பணம் எங்கிருந்து வரும்? மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும், நகரத்தில் 96,000. தகப்பனை இழந்த பிள்ளை, பெற்றோர் கடும் நோயில் கிடக்கும் பிள்ளை, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை போன்றவர்களுக்கு இது. வழக்கில் வந்த பையனுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று குழுமம் கண்டால் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பலாம். அந்த வழியாக இந்தத் தொகைக்குக் கேட்கலாம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் கொடுத்தால் 9,60,000 ரூபாய். இருபது பிள்ளைகள் தங்கும் ஓர் இல்லத்தை ஒரு வருஷம் நடத்தும் சம்பளம், சாப்பாட்டுச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சில பிள்ளைகளின் தலைவிதியையே மாற்றுவது: பிறப்புச் சான்றிதழ். வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று, ரெண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை என்று 94-ஆவது பிரிவு வரிசை சொல்கிறது. சின்ன வகுப்பிலேயே படிப்பை விட்டு, பிறப்பும் பதியாமல் கிடக்கிற பையனுக்குக் கையில் எதுவும் இருக்காது. போலீஸ் 'பத்தொன்பது' என்று எழுதினால் அவன் பெரியவர்களின் சிறைக்குப் போய்விடுவான். விட்டுப்போன பிறப்புப் பதிவுகளைக் குப்பம் குப்பமாகப் போய்க் கண்டுபிடித்து முடிக்க உதவுவதில் உள்ளாட்சி முன்னால் நிற்க வேண்டும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. வீட்டில் வருமானம் இல்லை, நிவாரணத் தொகை கடனுக்குப் போய்விடும், பையன் கரையில் சும்மா கிடப்பான். "ராத்திரி ஒரு மணி நேர வேலை, கைமேல காசு" என்று கேட்டு வருகிறவனுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. பரமக்குடி ஐடிஐ போன்ற இடங்களோடு பேசி, படகு இன்ஜின் பழுதுபார்ப்பு, வெல்டிங் என்று உதவித்தொகையோடு குறுகிய பயிற்சியைப் பதினாறு வயது நிரம்பியவர்களுக்கு அந்த ரெண்டு மாதத்தில் கரையிலேயே நடத்துவதை மாவட்ட நிர்வாகம் செய்யலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் காவல்துறையின் சிறார் மன்றங்களை விடுமுறையிலும் திறந்து வைத்தாலே போதும். கேரம் போர்டு வாங்கிப் போட்டுவிட்டுப் பூட்டி வைத்திருப்பதால் பயனில்லை.

இந்த வழியின் பலவீனத்தை மறைக்க மாட்டேன். வீட்டில்தான் அடி, உதை, குடி என்றால் வீட்டுக்கு விடுவது திருத்தமாகாது. கஞ்சா வியாபாரி பக்கத்துத் தெருவில் இருந்தால் களப்பணியாளர் வாரம் ஒரு முறை வந்து என்ன செய்வார்? பொருளைப் பறிகொடுத்தவருக்கும் 'பையன் மறுநாளே வெளியே திரியுறான்' என்ற ஆற்றாமை இருக்கும். அதனால்தான் சின்ன இடம் ஒன்று வேண்டும் என்கிறேன்.

ராமநாதபுரத்தில் ஒரு சின்ன இடம்

51-ஆவது பிரிவின்படி அரசோ தொண்டு நிறுவனமோ நடத்தும் ஓர் இடத்தைத் 'தகுதியுடைய இடம்' என்று குழுமம் ஏற்று, பிள்ளையைத் தற்காலிகமாக அங்கே வைக்கலாம். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் போகாத அளவு, ராமநாதபுரம் நகரத்திலேயே, ஆலோசகர் வந்து போகிற மாதிரி. முதல் ராத்திரிக்கு, ஊரில் பகை ஆறும்வரை, சித்தப்பாவோ மாமாவோ பொறுப்பேற்க வரும்வரை. நகராட்சி இடம் கொடுக்கலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நடத்தலாம். தங்கும் நாளுக்கு ஓர் உச்சவரம்பை எழுத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் மெல்ல இல்லமாகிவிடும். நீண்ட நாள் வைத்தே ஆக வேண்டிய சிலருக்கு மதுரை இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகும் தாய்க்கு மாதம் ரெண்டு தடவை பஸ் செலவை மாவட்டம் கொடுக்கட்டும்.

புது இல்லம் வேண்டும் என்று நானே கேட்கக்கூடிய நிலையும் வரலாம். எந்த வட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள், எந்த வகைக் குற்றம், ஜாமீன் ஏன் மறுக்கப்பட்டது, எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்ற கணக்கை, பெயர் இல்லாமல், ஆட்சியர் ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட வேண்டும். களப்பணியாளர் போட்டு ரெண்டு வருஷம் ஆன பிறகும் வாரக்கணக்கில் உள்ளே இருந்தே ஆக வேண்டிய பிள்ளைகள் நிறைய என்று அந்தக் கணக்கு காட்டினால் கட்டலாம்.

கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவர் தலைமையில் கூட வேண்டிய கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு அதைச் சொல்லித் தூங்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவும் மகளிர் குழுவும் சேர்ந்து கிராம சபையில் விஷயத்தை எழுப்பலாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எதுவானாலும் சரி. தீர்மானத்தில் நாலு கோரிக்கை போதும்: வட்டத்துக்கு ஒரு நன்னடத்தைக் களப்பணியாளர், சமூக சேவைக்கான இடங்களின் பட்டியல், விட்டுப்போன பிறப்புப் பதிவுக்கு முகாம், பிள்ளைகளைக் கடத்தலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்கள்மீது 78, 83 பிரிவுகளில் வழக்கு. நகலை ஆட்சியருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு பிள்ளை இப்போதே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் தீர்மானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 1098-க்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேளுங்கள்.